மாத்திரை தீர்ந்தவர்களின் பிரஷர்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருந்தொற்றுக் காலத்தில் ரத்த அழுத்தம் கூடியது பற்றி உங்கள் இதழில் வந்த மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், டென்ஷன் ஆகாதீர்கள் என்று முடித்திருக்கிறார் மருத்துவர். சரி. ஆனால் வேலை போய், வாடகை பாக்கி ஏறி, ஒரே அறையில் ஐந்து பேர் அடைந்து கிடந்த வீட்டில் டென்ஷன் ஆகாமல் இருப்பது எப்படி என்றும் சொல்லியிருக்கலாம்.

அமெரிக்காவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரின் அளவுகளைப் பார்த்தார்கள். 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பிரஷரின் இரண்டு எண்களில் மேல் எண், ஒவ்வொரு மாதமும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட சராசரியாக 1.1 முதல் 2.5 புள்ளி வரை கூடுதலாக இருந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் நிறுவனங்கள் நடத்தும் உடல்நலத் திட்டத்தில் பரிசோதனை செய்துகொண்ட ஊழியர்களும் அவர்களுடைய துணைவர்களும்தான். வேலை இழந்தவர்களின் பிரஷர் எவ்வளவு ஏறியது என்பது அந்தக் கணக்கில் வராது.

பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வுகளில் வெகு காலம் முன்பே ஒன்று தெரிந்தது. அலுவலகத்தில் பெரிய அதிகாரிக்கும் கடைநிலை ஊழியருக்கும் பிரஷர் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் அதிகாரிக்கு நன்றாக இறங்கியது, மற்றவருக்கு அந்த அளவு இறங்கவில்லை. ஊரடங்கில் அந்த வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் இருக்கச் சொன்னோம்.

அப்புறம் மாத்திரை. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்ட நாடுகளில் உயர் ரத்த அழுத்த சிகிச்சை ஓரளவோ முழுமையாகவோ தடைப்பட்டிருந்தது. வசதி உள்ளவர் போனிலேயே மருத்துவரிடம் பேசினார், மருந்தை வீட்டுக்கே வரவழைத்தார், பி.பி. மெஷினும் ஒன்று வாங்கிக்கொண்டார். இல்லாதவர் மாத்திரையை இரண்டாக உடைத்துப் பாதியை நாளைக்கு வைத்தார். பிரஷர் வலிக்காதே! கையில் காசு குறைந்தால் முதலில் நிற்பது இந்த மாத்திரைதான்.

உலகில் உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. கொரோனா தடுப்பூசி வரிசையில் அவர்களில் பலரும் நின்றிருப்பார்கள். ஊசி போடுவதற்கு முன் கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கும். அளவு கூடுதலாக இருந்தவருக்கு அங்கேயே சீட்டு எழுதி, மூன்று மாத மாத்திரையை மொத்தமாக இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். மருத்துவர் அடுத்த கட்டுரையில் இதைப் பற்றி எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்