ஆண்டறிக்கை: கோப்பை கொடுக்காத வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் உழவர் சங்கப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஒரு மாதம்கூட விடாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கூட்ட அறைக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் போன அறிக்கையில் எழுதியதை இதிலும் அப்படியே சேர்த்துக்கொள்ளவும். மற்றபடி எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அதிக மகசூலுக்கான கோப்பையை இந்த முறை ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை?

இதுவரை உறுப்பினர் சொன்ன எடையை அவரே சொன்ன பரப்பால் வகுத்துப் பரிசு கொடுத்துவந்தோம். இந்த வருடம் நாமே போய் அளப்பது என்று தீர்மானம் போட்டோம். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம், ஒரு கயிறு, நான்கு முளைக்குச்சி, ஒரு தராசு. சதுரத்துக்குள் விளைந்ததை மட்டும் அறுத்து எடை போட வேண்டும். முதல் வயலிலேயே தகராறு. கயிறு ஒரு கதிர்க்கொத்தை ஒட்டிப் போனது. "வேர் உள்ளேதானே இருக்கு" என்றார் வயல்காரர். "தலை வெளியே சாஞ்சிருக்கே" என்றார் கயிற்றைப் பிடித்திருந்தவர். வேர் எந்தப் பக்கமோ அதுதான் கணக்கு என்று முடிவாவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

இதற்கா இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். 25 சதுர மீட்டரில் கிடைத்த எடையை 400ஆல் பெருக்கினால்தான் ஹெக்டேர் கணக்கு வரும். சதுரத்துக்குள் கால் கிலோ கூடினால் ஹெக்டேருக்கு 100 கிலோ கூடிவிடும். சதுரம் சிறிதாகச் சிறிதாக, பரப்போடு பார்க்கும்போது ஓரம்தான் அதிகம். ஓரத்துச் செடியை உள்ளே இழுக்கிற கையும் எப்போதும் இருக்கும். 1940களில் புள்ளியியல் அறிஞர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் இந்தச் சதுரத்தின் அளவைப் பற்றித்தான் மோதிக்கொண்டார்கள். மிகச் சிறிய சதுரங்கள் விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று சுகாத்மே எடுத்துக்காட்டினார். சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதை நாங்கள் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். வயல்காரர் கைகாட்டுகிற இடம் என்றைக்கும் நல்ல விளைச்சல் உள்ள இடமாகத்தான் இருக்கும்.

அடுத்த வம்பு ஈரப்பதம். 24 சதவீத ஈரத்தில் எடை போட்ட 1,000 கிலோ, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 884 கிலோதான். மீதி 116 கிலோ தண்ணீர். முந்தைய வருடங்களில் தண்ணீருக்கும் சேர்த்துக் கோப்பை கொடுத்திருக்கிறோமா என்று தெரியவில்லை. தோண்ட வேண்டாம் என்பது செயற்குழுவின் கருத்து. பரப்பிலும் இதே கதைதான். சிறிய நிலத்துக்காரர் பரப்பைக் கூட்டிச் சொல்வதும் பெரிய நிலத்துக்காரர் குறைத்துச் சொல்வதும் பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த சங்கதி. நம்மிடையே யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் முழு எண்ணாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சரி, அளவு திருந்திய பிறகாவது கோப்பை கொடுத்திருக்கலாமே? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னதில் அதுவும் நின்றுபோனது. கண்டுமுதல் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அதில் எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கேள்வி. நாம் முதல் கேள்விக்கு மட்டும் பரிசு வைத்திருந்தோம்.

உரத்தையே எடுத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக நானே போட்ட எண்கள் இவை: தழைச்சத்து (நைட்ரஜன்) போடாத ஹெக்டேரில் 3,000 கிலோ தானியம், 50 கிலோ போட்டால் 4,400, 100 கிலோ போட்டால் 5,000. தானியத்தைத் தழைச்சத்தால் வகுத்தால், 50 போட்டவருக்குக் கிலோவுக்கு 88, 100 போட்டவருக்கு 50. குறைவாகப் போட்டவர்தான் கெட்டிக்காரர் என்று தோன்றும். ஆனால் அந்த 88க்குள் மண்ணே கொடுத்த 3,000 கிலோவும் ஒளிந்திருக்கிறது. அதைக் கழித்தால் 28, 20 என்று வரும். இரண்டாவது 50 கிலோவை மட்டும் தனியாகப் பார்த்தால், ஒரு கிலோ தழைச்சத்துக்கு 12 கிலோ தானியம். அது கட்டுமா கட்டாதா என்பதை உர விலையும் தானிய விலையும்தான் சொல்ல முடியும். உரம் போடாத ஒரு துண்டை யாராவது விட்டுவைத்தால்தான் இந்தக் கழித்தலையே செய்ய முடியும். இரண்டு பேர் விட்டுவைத்தார்கள். பக்கத்து வயல்காரர்களின் கேலியைத் தாங்கிக்கொண்ட அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

நிலம், உரம், நீர், ஆள், எந்திரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க 1957இல் பொருளியல் அறிஞர் ஃபாரல் ஒரு வழி சொன்னார். நம்மில் சிறப்பாகச் செய்தவர்களை இணைத்து ஓர் எல்லைக்கோடு. மற்றவர்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதே திறனின் அளவு. இருக்கிற இடுபொருளில் முழு விளைச்சல் எடுப்பது ஒன்று, விலைக்கு ஏற்றபடி இடுபொருளைச் சரியான விகிதத்தில் கலப்பது இன்னொன்று என்று இரண்டாகவும் பிரித்தார். கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் நாம் பண்ணைக் கணக்கு எழுதும் நோட்டுகளை வைத்து அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டினார். ஐந்து இடுபொருளையும் சேர்த்ததும் பாதிப் பேருக்கு முழு மதிப்பெண் வந்துவிட்டது. கைதட்டினோம். அப்புறம்தான் அவர் மெதுவாகச் சொன்னார்: பண்ணைகள் சில, இடுபொருள்கள் பல என்றால், ஒப்பிட ஆளில்லாமலே பலர் கோட்டில் போய் உட்கார்ந்துவிடுவார்களாம்.

மேட்டு நிலத்துக்காரர்களின் மனக்குறையும் நியாயமானதே. இந்த முறையில் மழை பொய்த்ததும் உழவர் தலையில்தான் விழுகிறது. அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரித்துப் பார்க்கும் எல்லைக்கோட்டு முறையை 1977இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. அதற்கு நம்மிடம் இருப்பதைவிட அதிகப் பண்ணைகள் தேவை. பல வருடக் கணக்கும் இருந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது வேலை நேரக் கணக்கு. டீசல் லிட்டர் கணக்கில் துல்லியம். களையெடுத்த மணி நேரம் பெரும்பாலான நோட்டுகளில் வெற்றிடம். ஒரு வீட்டில் நோட்டை மனைவி வாங்கி எழுதத் தொடங்கியதும் குடும்ப உழைப்பு ஒரே வாரத்தில் இரண்டு மடங்கானது. அதுவரை உழைப்பில் நம்பர் ஒன் திறமைசாலியாக இருந்தவர் அந்த வீட்டுக்காரர்தான்.

வரும் பருவத்துக்குச் செயற்குழு பரிந்துரைப்பவை: சங்கத்துக்கு ஓர் ஈரப்பதமானி, எல்லோரும் உரமில்லாத ஒரு துண்டு விடுவது, வேலை நேரத்தை வேலை செய்தவரே எழுதுவது. கோப்பை அலுவலக அலமாரியில் இருக்கிறது. சாவி பொருளாளரிடம்.

இப்படிக்கு,
செயலாளர்