புள்ளி விழுந்த பாண்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்ததிலிருந்து நீ இனிப்பே தொடுவதில்லை என்றாய். நான் அனுப்பிய பாரா ப்ரீத்தை, அந்த வேல்ஸ் நாட்டுத் திராட்சைப் பாணை, அப்படியே வேலையிடத்தில் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாய். கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு துண்டுகூட உனக்கென்று எடுத்து வைக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

நாங்கள் வேல்ஸில் கார்டிஃபுக்கு வந்த முதல் வருஷம், மார்ச் 1, புனித டேவிட் நாள். பக்கத்து வீட்டு வேல்ஸ் பாட்டி ஒரு தட்டில் நான்கு துண்டு கொண்டுவந்து தந்தார். வேல்ஸ் மொழியில் 'பாரா' என்றால் பாண், 'ப்ரீத்' என்றால் புள்ளி விழுந்தது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தார். நீ அன்றைக்கு முழுக்க "புள்ளிப் பாண், புள்ளிப் பாண்" என்று வீட்டைச் சுற்றினாய். எனக்கு அதிசயமாக இருந்தது வேறு: காய்ந்த திராட்சையை ராத்திரி முழுக்கத் தேத்தண்ணியில் ஊற வைப்பார்களாம்!

இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் உன் அம்மாயி வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவள். நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறிப் போகும், நாங்கள் இருந்த லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்தது தூள்தான். மலையிலிருந்து இறங்கி வந்ததும் உள்ளங்கையில் துளி சீனியை வைத்துக்கொண்டு, நக்கி நக்கி வெறுந்தேத்தண்ணி குடிப்பாள். தீபாவளிக்கு மட்டும் அதிரசம் சுடுவாள். டின்னில் போட்டு உயரத்தில் வைத்து, ஆளுக்கு ஒன்றென்று எடுத்துத் தருவாள். அந்த ஒன்றை நான் ஓரத்திலிருந்து கிள்ளிக் கிள்ளி அரைமணி நேரம் தின்பேன். அதன் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

நீயும் மாதத்துக்கு ஒருமுறை பாரா ப்ரீத் செய், மகள். கடையில் வாங்காதே, கையால் செய். 400 கிராம் திராட்சைக் கலவையில் 100 கிராம் பழுப்புச் சீனி போட்டு, நல்ல கடுஞ்சாயமாக 300 மில்லி தேத்தண்ணி ஊற்றி மூடி வை. காலையில் திறந்து பார், ஒவ்வொரு திராட்சையும் சுருக்கம் நீங்கி உப்பிப்போய்ப் பளபளவென்றிருக்கும். மிச்சத் தண்ணியை வடிக்காதே. 250 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மாவு), ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி மிக்ஸ்ட் ஸ்பைஸ் (கறுவா, சாதிக்காய் போன்றவை கலந்த தூள்) சேர்த்துக் கிளறி, 900 கிராம் பாண் டின்னில் ஊற்று. ஃபேன் அவன் என்றால் 160 டிகிரியில் ஒரு மணி நேரம், குச்சி ஒட்டாமல் வரும்வரை. சூட்டோடு மேலே தேன் தடவு. அன்றைக்கே வெட்டாதே, தாளில் சுற்றி வை. மறுநாள்தான் அந்தப் பிசுபிசுப்பு வரும். மாவில் வெண்ணெய் கிடையாது, அதனால் துண்டின் மேல் உப்பு வெண்ணெய் பூசிச் சாப்பிடுவார்கள். அது வேண்டும்.

பன்னிரண்டு துண்டு போடு. ஒரு துண்டுக்குத் திராட்சை 30 கிராம் சொச்சம், பழத்தின் இனிப்பும் போட்ட சீனியும் சேர்த்தால் ஆறேழு தேக்கரண்டி சீனி அளவுக்கு வரும். அதனால் ஒன்றோடு நிறுத்து. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடு, இடையில் கொறிக்காதே, பல்லில் ஒட்டும். மிச்சத்தைத் துண்டு துண்டாகச் சுற்றி ஃப்ரீஸரில் வை, நண்பர்கள் வந்தால் கொடு.

அப்பா நன்றாக இருக்கிறார். அவருக்கு நான் மெல்லிசாக அரைத்துண்டு வெட்டித் தருகிறேன். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நீ வரும்போது நீ செய்ததைக் கொண்டுவா, மூன்று பேருமாக வெட்டுவோம்.

அன்புடன்,
அம்மா