எண்ணூர் கழிமுகக் காவலர்களை மேற்பார்வையிடும் அலுவலருக்கான தகுதிகள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
எண்ணூர் முகத்துவாரக் கரைக் குப்பங்களின் மீனவர்களும் குடியிருப்போரும்,
எண்ணூர், சென்னை – 600 057.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: எண்ணூர் கழிமுகத்திலும் வடசென்னைக் கடற்கரையிலும் பணிபுரியும் வனக்காவலர்களை மேற்பார்வையிட அமர்த்தப்படும் அலுவலருக்கு நீர்நிலை சார்ந்த தகுதிகளையும் வரையறுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதை எழுதுகிறவன் மீனவன் அல்லன். அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். வலை பழுது பார்க்கிறவர்கள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என் எழுத்தில்தான் இருக்கும்.

வனத்தொழில் பழகுநர் தேர்வு எழுதி வனச்சரக அலுவலராக வருகிறவர் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். பெண்களுக்கு 16 கிலோமீட்டர். தாவரவியல், விலங்கியல், வனவியல் போன்ற ஒரு பாடத்தில் பட்டமும் வேண்டும். நல்ல விதிகள்தான். முதுமலைக்கும் களக்காட்டுக்கும் அவை பொருந்தும். எங்கள் காடோ தண்ணீரில் இருக்கிறது. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலோடு சேரும் இந்த இடத்தில் 25 கிலோமீட்டர் நடக்கப் புறப்படுகிறவர் முதல் கிலோமீட்டரிலேயே இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருப்பார்.

கோயம்புத்தூர் வன உயர்பயிற்சியகத்திலோ வைகை அணையில் உள்ள வனவியல் பயிற்சிக் கல்லூரியிலோ பயிற்சி முடித்து வருகிறவருக்கு யானைத் தடம் தெரிந்திருக்கும், காட்டுத்தீ தெரிந்திருக்கும். அவர்களைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் இங்கே அவருக்குக் கீழே வேலை செய்யும் வனவரும் வனக்காப்பாளரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் கடல்நீர் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று பார்த்துத்தான் படகை எடுக்க முடியும். அதை அறியாதவர் போட்டுத் தரும் ரோந்துப் பட்டியல் காகிதத்தில் மட்டுமே ஓடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கழிமுகம் முழுவதும் பரவியதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் ஆட்கள் படகில் போய் வாளியிலும் குவளையிலும் எண்ணெயை அள்ளினார்கள். சிறகெல்லாம் கறுத்துப்போன ஒரு கூழைக்கடாவை எங்கள் தெருப் பிள்ளைகள் கரைக்குத் தூக்கி வந்தார்கள். உடனே சோப்புத் தண்ணீரில் கழுவத் தொடங்கினோம், நானும் உடனிருந்தேன். அது தவறு. எண்ணெய் பட்ட பறவையை முதலில் சூடு குறையாமல் அமைதியான இருட்டில் வைத்து, நீர்ச்சத்து கொடுத்து, அது தெம்பாக நின்ற பிறகுதான் வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும் என்பதைப் பிற்பாடுதான் படித்தறிந்தேன். அந்தப் பறவை மறுநாள் காலையில் உயிரோடு இல்லை. உயிரியல் பாடம் நடத்தியவன் கண்ணெதிரே இது நடந்தது. அன்றைக்கு ‘கையை எடுங்கள், இப்படிச் செய்யுங்கள்’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கரையில் நின்றிருக்க வேண்டும். சுற்றிலும் ஆலைகளும் எண்ணெய்க் குழாய்களும் உள்ள இடம் இது. இங்கே வருகிற அலுவலருக்கு இந்த முதலுதவி கட்டாயத் தகுதி என்று எழுதிவைப்பது மிகையாகாது.

அடுத்தது ஆமை. பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை கரையேறி, குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இடுகின்றன. முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதென்றால் சில மணி நேரத்துக்குள், புரட்டாமல், இட்ட நிலையிலேயே எடுத்து வைக்க வேண்டும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. நிழல் வலை கட்டுவதும் கட்டாததும் அதனால் சின்ன விஷயமல்ல. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது மீன்வளத்துறை, கடலோரக் காவல் குழுமம், வனத்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து பேச வேண்டியிருந்தது. ஆகவே இங்கே வருகிறவருக்கு மற்ற இரண்டு துறைகளின் சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். விசைப்படகுக்காரர்களோடு கோபமில்லாமல் பேசவும் தெரிய வேண்டும். இரண்டாவது கடினம்தான், எங்களுக்கே அது சில நாள் கைகூடுவதில்லை.

காக்கா ஆழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் சிப்பி கழிமுகத்தின் அடியில் பாய் விரித்ததுபோல் மூடிக்கொள்கிறது. அதன் கீழே இறாலுக்கு இடமில்லை, மஞ்சள் மட்டிக்கும் இடமில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் விரல்களை இது கிழிக்கிறது. எந்த மூலையில் புதிதாகப் பிடித்திருக்கிறது என்பதை முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் கேட்கத் தெரிந்த அலுவலர் வேண்டும். ‘கேட்கத் தெரிவது’ என்று எந்த அரசாணையிலும் எழுத முடியாது. ஆனால் நேர்காணலில் கண்டுபிடித்துவிடலாம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 50ஆவது பிரிவு சோதனையிடவும் கைப்பற்றவும் கைது செய்யவும் அதிகாரம் தருகிறது. நாரைக்கு வலை விரிப்பவரைப் பிடித்த பிறகு மகஜர், அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் கைப்பற்றுதல் பதிவு, சரியாக எழுதப்படாவிட்டால் வழக்கு நிற்காது. வழக்கு எழுதிப் பழகியவர் தேவை.

எனவே நாங்கள் கேட்பது: இப்பகுதிக் காவலர்களை மேற்பார்வையிட அமர்த்தப்படுபவருக்கு இப்போதுள்ள கல்வித் தகுதியோடு நீச்சலும், வெளிப்பொருத்து என்ஜின் படகு ஓட்டும் பயிற்சியும், கடலோரத்திலோ சதுப்புநிலத்திலோ குறைந்தது மூன்றாண்டுக் களப்பணியும் வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். வனக்காவலராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர் வந்தால் எங்களுக்கு இன்னும் மகிழ்ச்சி. காவலரின் நனைந்த காலணி எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வந்தவரை மூன்றாண்டுக்கு முன் மாற்றக்கூடாது. ஒரு மழைக்காலமும் ஒரு ஆமைக்காலமும் பார்ப்பதற்குள் மாறுதல் ஆணை வந்துவிட்டால் அடுத்தவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அவருக்குக் கீழே தினக்கூலியில் வேலை செய்யும் உள்ளூர் இளைஞர்களின் கூலியும் உயிர்காப்பு உடையும் காலத்தில் கிடைக்கின்றனவா என்பதைக் கண்காணிப்பதும் அவர் பொறுப்பு என்று பணி விவரத்தில் சேர்க்க வேண்டும்.

தெற்கே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் மீது எங்களுக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஜனவரியில் ஆமைகள் வந்துவிடும். அதற்கு முன்பாகத் தங்கள் துறையிலிருந்து ஒருவரை அனுப்பிவைத்தால், வற்றம் தொடங்குகிற நேரம் பார்த்துக் கழிமுகம் முழுவதையும் சுற்றிக் காட்டுகிறோம். படகும் டீசலும் எங்களுடையவை. மாற்றுத்துணி மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எண்ணூர் முகத்துவாரக் கரைக் குப்பங்களின் மீனவர்களும் குடியிருப்போரும்

இணைப்பு: கையொப்பத் தாள்கள்