ஒப்பிடாதே என்பது யாருக்கு வசதி?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மனநலக் கட்டுரையில், "அடுத்தவர் சம்பளத்தை எட்டிப் பார்ப்பவருக்கு ஆயுளுக்கும் நிம்மதியில்லை" என்று ஒரு வரி. அதைப் பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள். என் மேலாளர் பார்த்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார்.

அதே இதழின் நடுப்பக்கத்தில் பெரும் பணக்காரர்களின் பட்டியல், யார் யாரை முந்தினார் என்ற அம்புக்குறிகளோடு. கோடீஸ்வரர்களை நீங்கள் ஒப்பிட்டால் அது பொருளாதாரச் செய்தி. பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தை நான் கேட்டால் மனக்கோளாறு. நல்லது.

கட்டுரையாளர் குரங்குகளையும் துணைக்கு இழுத்திருந்தார். சாரா பிராஸ்னன், ஃபிரான்ஸ் டி வால் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு கபுச்சின் குரங்குக்குத் திராட்சை, இன்னொன்றுக்கு வெள்ளரித் துண்டு. வெள்ளரி கிடைத்த குரங்கு பல முறை அதை ஏற்க மறுத்தது. பொறாமை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இரண்டும் செய்த வேலை ஒன்றுதான் என்பது மட்டும் விடுபட்டுவிட்டது.

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை முழுவதும் சொல்லிக்கொடுத்தேன். பிரிண்டரில் அவர் மறந்துவிட்டுப் போன சம்பளச் சீட்டு ஒருநாள் என் தாள்களோடு சேர்ந்து வந்துவிட்டது. என்னைவிட அதிகம், கொஞ்சநஞ்சமில்லை. மேலாளரிடம் போய்க் கேட்டேன். "அதை நீங்கள் எப்படிப் பார்க்கலாம்?" என்றார் முதலில். அடுத்து, தங்கள் கட்டுரையின் அதே உபதேசம். எங்களையெல்லாம் ஆண்டுதோறும் பெல் கர்வில் ஏற்றி, இவருக்கு மேல் அவர், அவருக்குக் கீழ் இவர் என்று வரிசை கட்டி இன்கிரிமென்ட் போடுகிறவர் இதே மனிதர்தான். மற்ற நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்று காசு கொடுத்து 'சாலரி சர்வே' வாங்கிப் பார்க்கிறவர்களும் இவர்கள்தான். எனக்கு மட்டும் ஒப்பீடு ஆகாது. வெளியிலிருந்து வருகிறவருக்கு மார்க்கெட் ரேட், உள்ளேயே கிடப்பவருக்குப் பழைய சம்பளத்தின் மேல் ஏதோ ஒரு சதவீதம் என்று மனிதவளப் பிரிவுக்காரர் பிறகு விளக்கினார். கூச்சமே இல்லை அவருக்கு.

லில்லி லெட்பெட்டர் விவகாரம் தங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவின் அலபாமாவில் டயர் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் ஆகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. பெயரில்லாத துண்டுச்சீட்டு ஒன்று வந்துதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. சம்பளம் நிர்ணயித்த 180 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. மூடிவைத்த சம்பளத்தைப் பற்றி எப்படிப் புகார் செய்வதாம்? 2009-இல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அம்மையார் எட்டிப் பார்க்காமல் நிம்மதியாக இருந்திருக்கலாம்தான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடந்த ஆய்வும் கட்டுரையில் பாதிதான் வந்திருக்கிறது. சக ஊழியரின் சம்பளத்தைப் பார்க்க வழி காட்டியபோது, குறைவாக வாங்கியவர்களுக்கு அதிருப்தி கூடியது உண்மை. வேறு வேலை தேடும் எண்ணமும் அவர்களுக்குக் கூடியது. அது நோயா, பிழைக்கிற வழியா?

என் வேண்டுகோள் சின்னதுதான். தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் 'தகுதிக்கேற்ற ஊதியம்' என்றுதான் எல்லா விளம்பரமும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த விதியில், நேர்காணலுக்கு முன்பே ஊதிய வரம்பைச் சொல்லிவிட வேண்டும்; விண்ணப்பிப்பவரின் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. அத்தனை தூரம் போகச் சொல்லவில்லை. சம்பளத்தை எண்ணில் எழுதாத விளம்பரத்தை வாங்காதீர்கள், போதும்.

சம்பளமில்லாப் பயிற்சி வேலைகளைப் பற்றி முன்பு எழுதிய கடிதத்தில் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டீர்கள். கேள்வியே அதில்தான் இருந்தது. இம்முறையும் இடம் போதாதென்றால் குரங்குகளை எடுத்துவிடுங்கள்; விளம்பரத்தைப் பற்றி எழுதியதைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி