மேஜர் சரவணனுக்கு, மே 29-ஐ முன்னிட்டு

அன்புள்ள மேஜர் சரவணன்,

பட்டாலிக் எங்கே இருக்கிறது, ஜுபார் முகடு எவ்வளவு செங்குத்து என்பதையெல்லாம் உங்களுக்கு எழுதப் போவதில்லை. 1999 கார்கில் போரில் அந்த முகட்டில் நீங்கள் வீழ்ந்த மே 29 வந்தால் திருச்சியில் உங்களுக்கு மாலை போடுகிறார்கள். ‘பட்டாலிக் நாயகன்’ என்கிறார்கள். காயம்பட்ட பிறகு திரும்பி வரச் சொல்லியும் வரவில்லை என்று மைக்கில் சொல்லும்போது கைதட்டல் எழுகிறது. அந்த இடத்தில்தான் எனக்குக் கை எழுவதில்லை. அதை உங்களிடமே சொல்லிவிடுவது என்று இந்த வருடம் முடிவெடுத்தேன்.

உங்கள் வாழ்க்கையில் எத்தனையோ நாட்கள். என் மனம் மட்டும் அந்தச் சில நிமிடங்களிலேயே நிற்கிறது. ராக்கெட் லாஞ்சரால் எதிரி பதுங்கியிருந்த பங்கரை அடித்தாயிற்று. உள்ளே இருந்த இருவர் முடிந்தார்கள். உங்கள் உடம்பில் குண்டுச் சிதறல் ஏறியிருக்கிறது. வந்துவிடு என்கிறார் கமாண்டிங் ஆபீசர். நீங்கள் மேலே போகிறீர்கள். இன்னும் இருவரை வீழ்த்துகிறீர்கள். பிறகு தலையில் குண்டு.

வந்திருக்கலாமே, சரவணா. 26 வயது. காயம்பட்டவன் இறங்கி வந்தால் யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

கோபத்தில் ஒருமையில் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள். அந்தச் சரிவை மனதில் வைத்து யோசித்தால் என் கேள்வியே ஆட்டம் காண்கிறது. மலைச் சண்டையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பல நேரம் ஆளைக் கொல்லும். ஏறும்போது பாறைக்குப் பாறை பதுங்கலாம், கண் எதிரியின் மேல் இருக்கும், கை துப்பாக்கியில் இருக்கும். இறங்கும்போது முதுகு மேலே இருப்பவனுக்குத் திறந்து கிடக்கும், கண் காலடியில் இருக்கும். காயம்பட்ட ஒருவரைத் தூக்க நான்கு பேர் வேண்டும். 14,000 அடியில் அந்த நான்கு பேருக்கும் சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டும், மாற்றாள் வேண்டும். அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடினால் எதிரி குறிபார்க்கவே தேவையில்லை. ஆகவே பின்வாங்குவதென்றால் முன்னால் யாராவது ஒருவர் தங்கி, பங்கரில் இருப்பவன் தலை தூக்காதபடி சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் நின்றீர்களா என்று எனக்கு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘கட்டளையை மீறிய வீரம்’ என்று மேடையில் சொல்லிக் கடந்துவிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

அந்த லாஞ்சரைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. அன்று நம் காலாட்படையிடம் பரவலாக இருந்தது 84 மில்லிமீட்டர் கார்ல் குஸ்தாவ். குழாய் மட்டும் 14 கிலோ இருக்கும், ஒரு குண்டு 3 கிலோ. சுடுபவர் ஒருவர், குண்டு ஏற்றுபவர் ஒருவர். தொலைவில் நிற்கும் டாங்கியை அடிப்பது வேறு. கல்லடுக்கிய பங்கரின் ஒரு முழ வாய்க்குள் குண்டை இறக்குவது வேறு. அதற்கு நெருங்கித்தான் ஆக வேண்டும். சுட்டவுடன் குழாயின் பின்புறத்திலிருந்து தீயும் புகையும் பீறிடும். பின்னால் பாறை இருந்தால் அந்த வேகம் திரும்பி வந்து சுட்டவரையே தாக்கும். படுத்துச் சுட்டால் கால்களைக் குழாய்க்கு நேராக நீட்டக் கூடாது, உடம்பைப் பக்கவாட்டில் ஒதுக்க வேண்டும். செங்குத்துச் சரிவில் இத்தனைக்கும் தோதான இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஏறிய களைப்பில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது மூச்சைப் பிடித்துக் குறி வைக்க வேண்டும். முதல் குண்டிலேயே கிளம்பும் தூசியும் வெளிச்சமும் நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள எல்லாப் பங்கருக்கும் காட்டிக் கொடுத்துவிடும். சுட்டதும் இடம் மாற வேண்டும் என்பது பாடம். அந்தச் சரிவில் மாறுவதற்கு இடம் எங்கே?

நிலவும் உங்களுக்கு எதிராகத்தான் இருந்தது. 1999 மே 30 பௌர்ணமி. விடியுமுன் நீங்கள் ஏறிய அந்த இரவில் நிலா கிட்டத்தட்ட முழுதாக இருந்தது. மரமில்லாத மலை, பனித்திட்டுகள். நடமாடும் எதுவும் கறுப்பாகத் தெரியும். வைகாசி, விசாக நட்சத்திரம். சரவணன் என்று பெயர் வைத்த பிள்ளைக்கு அந்த இரவா வந்து வாய்க்க வேண்டும்?

இனி எழுதுவதைக் கொஞ்சம் பார்த்துத்தான் எழுத வேண்டும். இதைப் படைக்காரர்களும் படிப்பார்கள், உங்கள் வீட்டாரும் படிக்கலாம். உங்களை அனுப்பியவர்கள் மேல் பழி போட நான் வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பட்டாலிக் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள் ஊடுருவல் பற்றித் தகவல் கொண்டுவந்தது மே 3. மே 26-ல்தான் விமானப்படை இறங்கியது. 27-ம் தேதி இரண்டு போர் விமானங்களை இழந்தோம், 28-ல் ஒரு எம்.ஐ.17 ஹெலிகாப்டரை. 29-ல் நீங்கள். மேலே எத்தனை பேர், என்னென்ன ஆயுதம் என்ற தெளிவு அப்போது முழுதாக வரவில்லை. ஜூன் நடுவில் தோலோலிங் முகடு மீட்கப்பட்டபோது பின்னால் பீரங்கிகள் திரண்டு நின்றன. மெல்லிய காற்றில் குண்டு சமவெளியைவிட அதிக தூரம் போகும். முகடு கத்தி முனை போலிருந்தால் 50 மீட்டர் கூடினாலும் குண்டு மறுபக்கப் பள்ளத்தில்தான் விழும். அந்தத் திருத்தங்களை வைத்துக்கொண்டு பீரங்கிப் படை பிறகு முகடுகளை நொறுக்கியது. உங்களுக்குப் பின்னால் அந்த அளவு பீரங்கி இல்லை.

கார்கில் என்றால் எல்லோருக்கும் ஜூலை 4-ல் மீட்ட டைகர் ஹில் சிகரம்தான். கொடி நட்ட படம் இருக்கிறதே. மே மாதம் போனவர்களுக்குப் படம் இல்லை. வெறுங்கையாகத் தடவிப் பார்ப்பதுபோல் முதலில் மோதி, எதிரி எங்கே இருக்கிறான், எவ்வளவு வலுவாக இருக்கிறான் என்று உயிரைக் கொடுத்துத் தெரியப்படுத்தியவர்கள் நீங்கள். உங்கள் 1 பிகார் படைப்பிரிவே ஜூலை முதல் வாரத்தில் ஜுபாரை மீட்டது. அதுவரை நீங்கள் அங்கேயே கிடந்தீர்கள். அந்த வாரங்களைப் பற்றி மேலே எழுத மாட்டேன். உங்கள் அம்மாவை நினைத்துத்தான்.

போர் முடிந்ததும் பாதுகாப்பு விவகார அறிஞர் கே. சுப்ரமணியம் தலைமையில் கார்கில் ஆய்வுக்குழு அமைந்தது. அவரும் திருச்சியில் பிறந்தவர்தான். ஊடுருவல் முற்றிலும் எதிர்பாராத அதிர்ச்சி என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. உளவுத் தகவல் திரட்டுவதில் இருந்த ஓட்டைகளை எழுதிவைத்தது. ஊரில் உங்கள் பெயரைச் சொல்லும் பிள்ளைகளுக்கு அந்த அறிக்கையின் பெயரும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. வீரம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு வளர்ந்தால், அடுத்த முறையும் இன்னொரு 26 வயதுக்காரரை நிலா வெளிச்சத்தில் மேலே அனுப்புவோம்.

உங்களுக்குக் கொடுத்த வீர் சக்ரா விருது போதாது, இன்னும் பெரிய விருது கொடுத்திருக்க வேண்டும் என்று உங்களுக்காகச் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு உற்சாகமில்லை. ஒரே ஒரு குறைதான் உறுத்துகிறது. அதே தாக்குதலில் உங்கள் படைப்பிரிவில் நாயக் பதவியிலிருந்த கணேஷ் பிரசாத் யாதவும் உயிரைக் கொடுத்தார். அவருக்கும் வீர் சக்ரா. திருச்சியில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. பிகாரில் உங்கள் பெயரைச் சொல்கிறார்களோ என்னவோ. இந்த மே 29-ல் மாலை போட வருகிறவர்களிடம் அவர் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லப் போகிறேன். உங்கள் பெயருக்கு முன்னால் வாசித்தாலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வணக்கத்துடன்.