த்வெய்ராவில் முங்க வரும் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அக்டோபர் இரண்டாம் வாரம் மால்டாவின் கோஸோ தீவுக்கு வருகிறாய், கையில் ஸ்கூபா அட்வான்ஸ்டு சான்றிதழும் இருக்கிறது என்பது நல்ல சேதி. முழங்கால் தேவலை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல். நீ முங்க நினைக்கும் த்வெய்ராவில், இந்தத் தீவின் மேற்குக் கரையில், கடலை விடக் கரைதான் முழங்காலைச் சோதிக்கும்.

நீ இதுவரை முங்கியதெல்லாம் அந்தமான் ஹேவ்லாக்கில், படகிலிருந்து. முதுகுப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் கடல், ஏணியைப் பிடித்தால் படகு. இங்கே கரையிலிருந்துதான் இறங்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு, 12 லிட்டர் ஸ்டீல் காற்று டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, அரம் போன்ற சுண்ணாம்புப் பாறை மேல் நடந்து நீர்விளிம்புக்குப் போக வேண்டும். டேங்க் மட்டுமே 14, 15 கிலோ வரும், உடம்பில் கட்டும் ஈய எடை தனி. அதனால் தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ், அதன் மேல் பட்டை போட்டு இறுக்கும் ஃபின், அதாவது கால் துடுப்பு. வெறுங்காலில் மாட்டும் ஃபினை ஊரிலேயே வைத்துவிட்டு வா. ஃபினைக் கையில் கோத்துக்கொண்டு நட, தண்ணீருக்குள் இறங்கிய பிறகு மாட்டு.

எந்தப் பாறைச் சந்து இடமானாலும் திட்டத்தைக் கடைசியிலிருந்து போடு. எங்கே ஏறப் போகிறாய், ஐம்பது நிமிடம் கழித்து அந்த இடம் எப்படி இருக்கும், அங்கே வந்து சேர எவ்வளவு காற்று வேண்டும் என்பதையெல்லாம் தீர்த்துக்கொண்ட பிறகுதான் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்ற பேச்சு. பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர் 40 மீட்டருக்கும் கீழே போகிறது என்று கேட்டதும் கண் அங்கேயே போய்விடுகிறது.

த்வெய்ராவில் நாம் இறங்கும் ப்ளூ ஹோல் என்பது பாறைக்குள் விழுந்த கிணறு, சுமார் 10 மீட்டர் அகலம். கீழே சுமார் 8 மீட்டரில் ஒரு வளைவின் விதானம் தொடங்கும். கிணற்றின் அடித்தளம் 15 மீட்டர் வாக்கில். அந்த வளைவு வழியாக வெளியே போனால் திறந்த கடலும் சுவரும். போன வழியே திரும்பி வர வேண்டும். சுற்றிலும் செங்குத்துப் பாறை என்பதால் கடல் கொஞ்சம் எழும்பியிருந்தால் வேறெங்கும் ஏற இடம் கிடையாது. பக்கத்தில் நின்றிருந்த அஸ்யூர் விண்டோ என்ற பெரிய பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்தது. அதன் பாளங்கள் இப்போது நீருக்கடியில் ஒரு தனி இடமாகிவிட்டன. அதையும் பார்க்கலாம், முதல் நாளே வேண்டாம்.

முதலில் காற்றைக் கேள். நம் கடற்கரையில் வாடை, கச்சான், கொண்டல் என்பது போல மால்டாக்காரர்களும் காற்றுக்குப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். வடமேற்கிலிருந்து வருவது மய்யிஸ்ட்ரால், வடகிழக்கு கிரிகால், தென்கிழக்கு ஷ்லொக். த்வெய்ரா மேற்கே பார்த்த இடம், மய்யிஸ்ட்ரால் வீசினால் அது மூடியது போலத்தான். அன்றைக்குத் தெற்குக் கரையில் ஷட் லஹ்மார் பக்கம் போய்விடலாம். அங்கே முங்குபவர்களுக்காகவே மூழ்கடித்த கப்பல்கள் கிடக்கின்றன. காற்று நின்ற மறுநாள் இன்னும் ஏமாற்றும். இலை அசையாது, ஆனால் பழைய அலை வந்துகொண்டேயிருக்கும்.

அந்த அலை எவ்வளவு ஆழம் வரை தொல்லை கொடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு அலை முகடுகளுக்கு நடுவே எத்தனை நொடி என்று எண்ணு. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 1.56 ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 6 நொடி என்றால் 56 மீட்டர். அதில் பாதி, அதாவது 28 மீட்டர் வரை அசைவு எட்டும். 6 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பில் இருப்பதில் பாதிதான் குறைந்திருக்கும். 8 நொடி அலையாக இருந்தால் நீளம் 100 மீட்டர், அது 50 மீட்டர் வரை போகும். உயரம் குறைவாக இருக்கிறதே என்று நீண்ட அலையை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இதனால்தான். இதெல்லாம் திறந்த கடலுக்கு. சந்துக்குள் அதே தண்ணீர் பாதி அகலத்தில் நுழைய வேண்டுமென்றால் இருமடங்கு வேகத்தில் ஓடும்.

உடை மாற்றும் முன் கிணற்றோரம் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நின்று பார். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்ந்து மறுபடி வரும், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அமைதி என்று சொல்லிவிட முடியாது. பாறையில் ஏதாவது ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு நீர்மட்டம் ஏறி இறங்குவதைக் கவனி. முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறி இறங்கினால் நான் இறங்கமாட்டேன். உன் ஆசிரியர் இறங்கலாம் என்று சொன்னாலும் நீ யோசி.

அடுத்தது எடை. மத்தியதரைக் கடல் உப்பு அதிகம், இரண்டு கிலோ கூடுதலாகக் கட்டு என்று யாராவது சொல்வார்கள். உப்பு அதிகம்தான், ஒரு கிலோ நீருக்கு 38 கிராம் வாக்கில். ஆனால் ஆளும் உபகரணமும் சேர்ந்து 100 கிலோ இருந்தால், அந்தமானோடு ஒப்பிட்டு வரும் வித்தியாசம் அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். பெரிய மாற்றம் டேங்கில் இருக்கிறது. நீ பழகிய அலுமினிய டேங்க் காலியாகும்போது மிதக்கத் தொடங்கும், அதை அமுக்கவே ஒன்றரை, இரண்டு கிலோ ஈயம் கட்டியிருந்தாய். ஸ்டீலுக்கு அது தேவையில்லை. 3 மில்லி உடையிலிருந்து 5 மில்லிக்கு மாறுவதில் ஏறத்தாழ அதே இரண்டு கிலோ திரும்பி வரும். ஆகப் பழைய எடையிலேயே தொடங்கு, சோதித்துப் பார்த்துச் சரிசெய். டேங்கில் 50 பார் (பார் என்பது அழுத்த அளவு) இருக்கையில், 5 மீட்டரில், பிசிடியை, அதாவது காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கியைக் காலி செய்துவிட்டு அசையாமல் நிற்க முடிந்தால் எடை சரி. இந்தச் சோதனையைத் தொடக்கத்தில் செய்வதானால் சுமார் இரண்டு கிலோ கூடுதலாக வேண்டும், ஏனென்றால் நீ சுவாசித்துத் தீர்க்கப்போகும் 150 பார் காற்றின் எடையே அவ்வளவு.

அக்டோபரில் கடலின் மேல்நீர் 23, 24 டிகிரி இருக்கும். ஆழத்தில் குளிர்ந்த நீர் அடுக்கில் தலை நுழைந்ததும் சில டிகிரி சட்டென்று இறங்கும். 5 மில்லி உடையோடு தலைக்கு ஹுட் எடுத்துக்கொள். டேங்கிலிருந்து வாய்க்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டரும் எந்த வகை என்று பார். இங்கே திருகி மாட்டும் டின் வால்வு பரவலாக இருக்கிறது. உன்னுடையது கவ்விப் பிடிக்கும் வகை என்றால் வால்வுக்குள் போடும் அடாப்டர் வேண்டும். முன்னமே சொன்னால் முங்கு மையத்தில் போட்டு வைப்பார்கள். கவ்வும் வகையில் வழக்கமாகக் காலை வாருவது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். பாறையில் இறங்கும்போது ரெகுலேட்டரின் முதல் நிலை, அதாவது டேங்க் வால்வில் மாட்டும் பகுதி, எங்காவது தட்டினால் அது பிதுங்கிச் சீறத் தொடங்கும். அதனால் தண்ணீரில் தலை முங்கியதும் ஒருவர் பின்னால் ஒருவர் போய்க் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது காற்றுக் கணக்கு. இதைத்தான் சுவரில் பலரும் விட்டுவிடுகிறார்கள். 12 லிட்டர் டேங்க், 200 பார் என்றால் 2,400 லிட்டர். 30 மீட்டரில் உன் துணையின் காற்று நின்றுபோய் இருவரும் உன் டேங்கிலிருந்தே மேலே வரவேண்டும் என்று வைத்துக்கொள். பதற்றத்தில் இருவருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 50 லிட்டர், இது மேற்பரப்புக் கணக்கு. கீழே நிலைமையைச் சமாளிக்க 2 நிமிடம், அழுத்தம் 4 பார், 400 லிட்டர். 5 மீட்டர் வரை ஏற 3 நிமிடம், சராசரி 2.75 பார், ஏறத்தாழ 410. அங்கே 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் 225. கடைசி ஏற்றம் 60 சொச்சம். மொத்தம் 1,100 லிட்டர், அதாவது 92 பார். 50 பாரோடு மேலே வா என்று படித்த பாடம் இங்கே போதாது. 30 மீட்டரில் 100 பார் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு நொடியும் அந்த ஆழம் உனக்கு உரியதில்லை.

மீதி 100 பாரில் பாதிதான் போவதற்கு, மறுபாதி திரும்பி வருவதற்கு. 50 பார் என்றால் 600 லிட்டர். நிதானமாக நிமிடத்துக்கு 18 லிட்டர் சுவாசிப்பவனுக்கும் 30 மீட்டரில் 72 ஆகும். எட்டே நிமிடம். இதே கணக்கை 20 மீட்டருக்குப் போடு: ஒதுக்கு 70 பார், போக 65, அது 14 நிமிடம், வர இன்னொரு 14. பத்து மீட்டர் விட்டுக்கொடுத்ததில் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நைட்ராக்ஸ் 32, அதாவது 32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள கலவை எடுத்தால் 30 மீட்டரில் உடலில் நைட்ரஜன் மிகாமல் தங்கக்கூடிய நேரம் கூடும், சாதாரணக் காற்றுக்கு 20 நிமிடம் என்றால் இதற்கு 29. ஆனால் டேங்கில் இருக்கும் லிட்டர் கூடாது. அதோடு 33 மீட்டருக்குக் கீழே போகவும் கூடாது. ஆழம்தான் வேண்டும் என்றால் 15 லிட்டர் டேங்க் கேள், முழங்கால் அனுமதித்தால்.

எப்படியும் இந்தச் சுவரின் செல்வம் 10 முதல் 22 மீட்டருக்குள்தான் இருக்கிறது. கவிந்த பாறையின் அடிப்பக்கம் டார்ச்சைக் காட்டு. டார்ச் இல்லாமல் பழுப்பாகத் தெரிந்த திட்டு திடீரென்று ஆரஞ்சாகப் பற்றிக்கொள்ளும், ஒவ்வொன்றும் விரல்நுனி அளவு பவளம், மலர்ந்தபடி. அதன் நிழலில் சிவந்த கார்டினல் மீன்கள் அசையாமல் நிற்கும். கோடையில் ஆண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும், தாடை உப்பியிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். அந்தக் கவிப்பின் அடியிலேயே நின்று மூச்சு விடாதே. குமிழ்கள் விதானத்தில் தேங்கி, அங்கே ஒட்டி வாழ்பவை காற்றில் காய்ந்துபோகும். பாறையில் கை வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடு. பக்கவாட்டில் வெள்ளை முடிக்கற்றை வைத்த நெருப்புப் புழு எங்கும் ஊரும், அந்த முடி தோலில் ஏறினால் நாள் முழுக்க எரியும். களவாயும் சீலாவும் தானாக வரும், துரத்தினால் வராது. ஊதா நிறச் சொறிமீன் பட்டால் கடல்நீரால் மட்டும் கழுவு, தேய்க்காதே, நல்ல தண்ணீர் ஊற்றாதே.

சுவரில் கண் ஏமாற்றும். கீழே தரை இல்லை, நீர் தெளிவு, 25 மீட்டரும் 32 மீட்டரும் ஒரே நீலம். ஆழம் போகப்போக உடை நசுங்கி மிதப்புக் குறையும், அதனால் இறங்கும் வேகம் தானாகக் கூடும். சுவரைப் பார்த்தபடி, ஒன்றரை மீட்டர் தள்ளி இறங்கு. பாறை மேலே ஓடும் வேகம்தான் உன் வேகம். பிசிடிக்குள் சிறுகச் சிறுகக் காற்று விடு. திட்டமிட்ட ஆழத்துக்கு மூன்று மீட்டர் முன்பே நிற்கத் தொடங்கினால்தான் சரியான இடத்தில் நிற்பாய்.

வளைவை விட்டு வெளியேறியதும் திரும்பி அதை ஒருமுறை பார்த்துக்கொள். வெளியிலிருந்து பார்த்தால் இருட்டுத் திறப்புகள் பலவும் ஒன்று போலவே இருக்கும். இங்கே ஏற்றவற்றம் 30 சென்டிமீட்டர்கூட வராது என்பதால் ஆழத்தையே அடையாளமாக நம்பலாம். திரும்பும்போது 12 மீட்டரில் சுவரை ஒட்டியே வந்தால் வளைவு உன் எதிரே வந்து நிற்கும்.

சிம்னி என்று ஒரு பிளவு இருக்கிறது, சுமார் 18 மீட்டரில் நுழைந்து 8 மீட்டர் வாக்கில் வெளிவரலாம். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போக முடியும். அழுத்தம் 2.8 பாரிலிருந்து 1.8க்கு இறங்கும்போது பிசிடிக்குள் இருந்த ஒரு லிட்டர் ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். உடையும் விரியும். நுழைந்த பிறகு காற்றை வெளியேற்றப் பார்த்தால், இடுக்கில் உடம்பு சாய்ந்திருப்பதால் வால்வு மேல்நோக்கி இருக்காது, காற்று போகாது, ஆள் மேலே பறப்பான். நுழையும் முன்பே தேவைக்கு மேல் இருப்பதை விட்டுவிட்டு, நுரையீரலாலேயே மெல்ல ஏற வேண்டும். 10 மீட்டருக்கு ஒரு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அலை இழுப்பு உள்ள நாளில் சிம்னியே வேண்டாம்.

சந்துக்குள் நீர் முன்னும் பின்னும் இழுக்கும்போது எதிர்த்துக் கால் அடிக்காதே. பின்னிழுக்கையில் நில், முன்தள்ளுகையில் போ. எதிர்த்து அடித்தால் காற்று தீரும், இடமும் நகராது. தவளை உதை போதும், வண்டல் கிளம்பாது.

பாதுகாப்பு நிறுத்தத்தைக் கிணற்றுக்குள்ளேயே 5 மீட்டரில் முடி. தலைக்கு மேல் குளிப்பவர்கள் இருப்பார்கள், மேலே பார்த்து, கையை உயர்த்தி வா. ஏறும் இடத்தில்தான் அடிபடுகிறவர்கள் அதிகம். பலர் ஃபினை முதலிலேயே கழற்றிவிடுவார்கள், அடுத்த அலை இழுத்தால் நீந்தக் கால் இருக்காது. பாசிப் பாறையில் நிமிர்ந்து நிற்கப் பார்ப்பது அடுத்தது. பாறையைப் பிடித்து நிலையான பிறகுதான் ஃபினைக் கழற்று, மாஸ்க்கும் ரெகுலேட்டரும் அலை எட்டாத இடம் வரை முகத்திலேயே. தவழ்ந்து ஏறு, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

த்வெய்ராவின் உள்கடலிலிருந்து பாறையைக் குடைந்து வெளிக்கடலுக்குப் போகும் சுரங்கம் பற்றிக் கேட்டிருந்தாய். சுமார் 80 மீட்டர் நீளம், உள்ளே ஆழம் குறைவு, கடல் பக்கம் போகப்போக 26 மீட்டர் வரை இறங்கும். தலைக்கு மேல் சுற்றுலாப் படகுகள் ஓடும் என்பதால் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் மேலே வரக் கூடாது. ஆழத்திலும் ஓரத்திலுமே போ, ஆளுக்கொரு டார்ச். மதியத்துக்கு மேல் போனால் மேற்கு வெளிச்சம் சுரங்கத்தின் வாயில் நிறைந்திருக்கும், அதற்காகவே அந்த நேரம்.

அவசரத்துக்கு எண் 112. முங்கியவரின் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை மால்டா தீவில் மாதெர் தேயி மருத்துவமனையில் இருக்கிறது. கோஸோவிலிருந்து படகுப் பயணமே 25 நிமிடம் ஆகும், ஆகையால் வண்டியில் ஆக்சிஜன் கிட் இருக்கிறதா என்று கிளம்பும் முன் கேள், திறந்து காட்டச் சொல். பல முறை முங்கிவிட்டு விமானம் ஏறுவதானால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடு. உன் திரும்பும் விமானம் காலையிலா மாலையிலா என்று எழுது, முந்தைய நாள் முங்குவதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது. உடை அளவு, ரெகுலேட்டர் வகை, 12 லிட்டரா 15 லிட்டரா என்பதையும் சேர்த்தே எழுதிவிடு, மையத்தில் சொல்லிவைக்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்