ஞாயிறு காலை வழியனுப்ப வருவோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கலந்துகொள்ளும் பாய்மரப் படகுப் போட்டி ஞாயிறு காலை 11 மணிக்குத் தொடங்குகிறது. மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில் 8 மணிக்குக் கூடி, சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை ஸ்லோ லோக்கலில் போகலாம், அங்கிருந்து கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு டாக்ஸி. அவள் 9.30-க்குப் படகேறிவிடுவாள், திருநீறு பூச நினைப்பவர்கள் அதற்குள் வந்துவிடுங்கள். கேட்வே வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். தேங்காய், கற்பூரம் வேண்டாம். (பாட்டியிடம் சொல்லிவிட்டேன். இன்னும் கோபம் தீரவில்லை.)

ஓட்டப்பந்தயம் போல வரிசையில் நின்று புறப்பட மாட்டார்கள். தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பு ஒரு கொடி ஏறும், 4 நிமிடம் இருக்கையில் இன்னொன்று. கடைசி 1 நிமிடத்தில் இரண்டாவது இறங்கும். புறப்படும் வரை படகுகள் கோட்டுக்குப் பின்னால் வளைய வந்துகொண்டே இருக்கும். முந்திக்கொண்டு தாண்டிய படகு திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும். சத்தம் கணக்கில்லை, கொடிதான் கணக்கு. பைனாகுலர் இருப்பவர்கள் கட்டாயம் கொண்டுவாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கொடி ஏறினால் ஒத்திவைப்பு. நிழல் தேடி உட்காருங்கள்.

கிளம்பும் நேரத்தில் "எங்கே, எப்போது வருவாய்" என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். தயிர்சாதம் நமக்குத்தான். படகில் எடை கூடக் கூடாதாம்.